பனித்துகளைப் படம்பிடித்த உழவர்

முன்னுரை

தமிழில் பனி என்னும் சொல் பல பொருள்களுக்கு இடம் தருவது. மார்கழித் திங்களின் வைகறையில் புல்நுனியில் முத்தெனத் திகழும் நீர்த்துளியையும் பனி என்கிறோம். வயல்வெளியைப் போர்த்து மறைக்கும் மூடுபனியையும் பனி என்கிறோம். குளிர்நாடுகளில் வானிலிருந்து பஞ்சுபோல் இறங்கும் வெண்பனி இவ்விரண்டினும் வேறானது. அது மழைத்துளி உறைந்து உண்டானதன்று. முகிலில் உள்ள நீராவி, இடையில் நீராகாமல், நேரே பனிக்கட்டியாகப் படிந்து படிந்து வளர்வதால் உருவாகும் படிகம் அது. தரையில் குவிந்து கிடக்கும்போது சுண்ணாம்புத் தூளெனத் தோன்றும் அக்குவியலுள், கைதேர்ந்த பொற்கொல்லன் அளந்து செதுக்கினாற்போன்ற ஆறுமுனை வடிவங்கள் மறைந்து கிடப்பதுண்டு.

இவ்வடிவங்களை அறிஞர் சிலர் முன்பே கண்டு வியந்துள்ளனர். வானியல் அறிஞர் கெப்ளர், பனித்துகளுக்கு ஆறு முனைகள் அமைந்தது ஏன் என்று வினவி 1611ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலே எழுதினார். இங்கிலாந்து நாட்டு இராபர்ட் ஹூக் 1665ஆம் ஆண்டில் வெளியிட்ட நுண்ணோக்கி நூலில் பனித்துகள்களின் உருவங்களை வரைந்து காட்டினார். ஆயினும் வரைபவரின் கை ஓய்வதற்குள் பனித்துகள் உருகிவிடும். கண்டதில் பாதியும் நினைவில் நின்றதில் பாதியுமே தாளில் பதிந்தன. சில நிமிடங்களில் அழிந்துபோகும் அவ்வழகை அழியா வண்ணம் ஆயிரக்கணக்கில் படம்பிடித்து உலகுக்கு அளித்தவர், பல்கலைக்கழகப் படியேறாத ஓர் எளிய உழவர். வில்சன் பென்ட்லி என்பது அவர் பெயர். எவரும் கேளாத ஒரு பணியை, எவரும் ஊதியம் தாராத ஒரு பணியை, 46 ஆண்டுகள் இடைவிடாது செய்த அப்பெருமகனாரின் வாழ்வையும், அவர்தம் பணியின் பெருமையையும் எல்லையையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்குப் பகுதியில் வெர்மாண்ட் என்னும் சிறு மாநிலம் உள்ளது. மலையும் காடும் மேய்ச்சல் நிலமும் நிறைந்தது. ஆண்டில் பல மாதங்கள் வெண்பனி மூடிக் கிடப்பது. அங்கு மான்ஸ்பீல்டு மலையின் அடிவாரப் பகுதியில் உள்ள ஜெரிகோ என்னும் ஊரில் 1865ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9ஆம் நாள் பென்ட்லி பிறந்தார். தந்தையார் உழவர், கறவை மாடுகள் வைத்திருந்தவர். அன்னையார் திருமணத்திற்கு முன் பள்ளி ஆசிரியையாக விளங்கியவர்.

பென்ட்லி 14 அகவை வரை பெரிதும் அன்னையிடமே கல்வி கற்றார். அவ்வன்னையிடம் கலைக்களஞ்சியத் தொகுதிகள் இருந்தன. ஆசிரியப் பணியில் பயன்படுத்திய பழைய நுண்ணோக்கி ஒன்றும் இருந்தது. மற்றச் சிறுவர் பனியை உருண்டையாக்கி எறிந்து விளையாடிய வேளையில், இச்சிறுவர் நீர்த்துளி, கல்துண்டு, பறவையின் இறகு, மலரின் இதழ் என்று கையில் கிடைத்த ஒவ்வொன்றையும் நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்துக் கொண்டிருந்தார். தம் பதினைந்தாம் அகவையில் ஒருநாள் அதன் கீழ்ப் பனித்துகள் ஒன்றை வைத்தார். அன்று அவர் கண்ட காட்சி அவர்தம் வாழ்நாளின் போக்கையே முடிவு செய்துவிட்டது.

அவ்வுருவங்களைப் பிறருக்கும் காட்ட வேண்டும் என்னும் வேட்கையால் அவற்றை வரையத் தொடங்கினார். மூன்று குளிர்காலங்கள் வரைந்தார். ஆனால் ஒவ்வொரு துகளும் படம் நிறைவுறும் முன்னரே உருகியது. அழிந்தது மீண்டும் வாராது. அதனை ஒத்த பிறிதொன்றும் கைக்கு எட்டாது. இவ்விழப்பு அவர் நெஞ்சை உறுத்தியது. நுண்ணோக்கியோடு புகைப்படக் கருவியை இணைத்துப் படம் எடுக்கலாம் என்று படித்தறிந்த அவர், அதனை வாங்கித் தருமாறு தந்தையை வேண்டினார்.

கருவியின் விலை ஏறத்தாழ 100 டாலர். மாடு கறந்து பிழைக்கும் குடும்பத்துக்கு அந்நாளில் அஃது எளிய தொகையன்று. காலால் மிதித்துத் தள்ளும் பனியைப் படம் எடுக்க இத்தனைப் பணமா என்று தந்தை மலைத்ததில் வியப்பில்லை. எனினும் அன்னையாரின் பரிந்துரை வென்றது. பென்ட்லிக்குப் பதினேழு அகவை ஆனபோது கருவி வீடு வந்து சேர்ந்தது. பனியைப் படம்பிடிக்கும் வேலை வீண்வேலை என்னும் எண்ணத்தைத் தந்தையார் பின்னரும் மாற்றிக் கொள்ளவில்லை. நம்பாத நிலையிலும் பொருள் ஈந்த அத்தந்தைக்கும் இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு.

முதல் வெற்றி

கருவி வந்தது, படம் வரவில்லை. கற்றுத்தர ஆசிரியர் எவரும் அருகில் இல்லை. ஒளி எவ்வளவு வேண்டும், எவ்வளவு நேரம் வேண்டும், வில்லையின் வாயில் எவ்வளவு திறந்திருக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் ஒவ்வொரு தகடாக வீணாக்கியே அறிய வேண்டியிருந்தது. முதலில் எடுத்த படங்கள் வெறும் நிழல்களாகவே அமைந்தன. வில்லையின் வாயிலை மிகச் சுருக்கி, ஒளி புகும் நேரத்தை நீட்டினால் உருவம் தெளிவு பெறும் என்பதைப் பல தோல்விகளுக்குப் பின்னர்க் கண்டறிந்தார். 1885ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15ஆம் நாள், பனி பொழிந்து கொண்டிருந்த வேளையில், தெளிவான முதற்படம் அவர் கைக்குக் கிட்டியது. அப்போது அவருக்கு அகவை இருபதுகூட நிறைவுறவில்லை. அந்தக் கணத்தில் கருவியின் முன் மண்டியிட்டு விழத் தோன்றியதாகப் பின்னாளில் அவர் நினைவுகூர்ந்தார்.

ஜெர்மனியில் பிளோகல் என்பவர் 1879ஆம் ஆண்டிலேயே நுண்ணோக்கி வழியாகப் பனித்துகளைப் படம்பிடித்திருந்தார். ஆயின் அம்முயற்சி விரிந்த தொண்டாக வளரவில்லை. ஜெரிகோவின் கொட்டகையில் தொடங்கிய பணியோ ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களாகப் பெருகியது.

படம்பிடித்த முறை

பென்ட்லி பனித்துகளைப் படம்பிடித்த முறை பொறுமைக்கே ஓர் இலக்கணம் எனலாம். அவர்தம் பணிக்கூடம் வீட்டின் பின்புறத்தே இருந்த, கணப்பு மூட்டாத கொட்டகை. அங்கே வெப்பம் பகை. விரலின் சூடு பகை. மூக்கிலிருந்து வெளிப்படும் மூச்சும் பகையே.

பனி விழத் தொடங்கியதும், கறுப்பு வண்ணம் பூசிய பலகையொன்றை ஏந்தி வாயிலில் நிற்பார். கையின் சூடு பலகையில் ஏறாதிருக்க அதற்குக் கம்பியால் கைப்பிடி அமைத்திருந்தார். சில நொடிகளில் கரும்பலகையின்மேல் வெண்புள்ளிகளாகத் துகள்கள் படியும். உடனே உள்ளே வந்து கூர்ந்து நோக்குவார். பெரும்பாலானவை உடைந்தோ ஒட்டியோ சிதைந்தோ இருக்கும். அவற்றை இறகால் துடைத்துவிட்டு மீண்டும் வாயிலுக்குச் செல்வார். நல்லதொரு துகள் வாய்த்தால், மெல்லிய மரக்குச்சியின் முனையால் அதனைத் தொட்டெடுத்துக் கண்ணாடிச் சில்லின்மேல் வைப்பார். பறவை இறகால் மெல்ல வருடித் தட்டையாகப் படிய வைப்பார். இத்தனையும் மூச்சை அடக்கிக்கொண்டு செய்ய வேண்டியவை.

பின்னர்ச் சில்லை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, அதனோடு இணைந்த நீண்ட துருத்திக் கருவியைச் சன்னலை நோக்கித் திருப்புவார். பகலின் ஒளி பனித்துகளை ஊடுருவி வந்து தகட்டில் விழும். கருவி நீளமாதலின், பின்னால் நின்று உருவத்தைப் பார்க்கும்போது முன்னால் உள்ள திருகுக்குக் கை எட்டாது. அதற்கெனச் சக்கரமும் கயிறும் கொண்டு தாமே ஓர் அமைப்பைச் செய்துகொண்டார். கயிற்றை இழுத்தால் திருகு திரும்பும், உருவம் தெளியும். பிறகு பல நொடிகள், சிலவேளை ஒரு நிமிடத்துக்கும் மேலாக, ஒளியை உள்ளே விடுவார். உறைகுளிரிலும் பனித்துகள் விளிம்பிலிருந்து ஆவியாகித் தேய்ந்துகொண்டே இருக்குமாதலால், பலகையில் ஏந்தியது முதல் படம் முடியும் வரை எல்லாம் சில நிமிடங்களுக்குள் முடிந்தாக வேண்டும்.

இந்தக் கருவியையே அவர் தம் வாழ்நாள் முழுவதும் பயன்படுத்தினார். புதிய கருவிகள் வந்தபோதும் அவர் மாற்றிக் கொள்ளவில்லை. சில குளிர்காலங்களில் நல்ல படங்கள் சில பத்துகளே தேறும். 1928ஆம் ஆண்டு பிப்ரவரியில் வீசிய ஒரு பனிப்புயலில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். அதனைத் தமக்குக் கிட்டிய பரிசாகவே கருதினார்.

அறிவுலகின் வாயிலில்

முதற்படம் எடுத்துப் பதின்மூன்று ஆண்டுகள் வரை பென்ட்லியின் பணி ஊருக்கு வெளியே பெரிதும் அறியப்படவில்லை. 1898ஆம் ஆண்டில் வெர்மாண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் பெர்க்கின்ஸ் அவர்களின் துணையோடு, பரவலாகப் படிக்கப்பெற்ற ஓர் அறிவியல் திங்களிதழில் கட்டுரை வெளிவந்தது. பின்னர் அவரே எழுதத் துணிந்தார். அமெரிக்க வானிலைத் துறையின் திங்கள் வெளியீட்டில் 1902ஆம் ஆண்டில் படங்களோடு கூடிய நீண்ட கட்டுரை ஒன்று இடம்பெற்றது.

அக்கட்டுரைகளில் அவர் அழகை மட்டும் பாடவில்லை. பனித்துகள் முகிலின் உயரத்தில் தோன்றிக் கீழிறங்கும் வழியில் பல்வேறு வெப்பநிலைகளையும் ஈரநிலைகளையும் கடக்கிறது. ஒவ்வொரு நிலையும் அதன் வளர்ச்சியில் ஒரு சுவடு விடுகிறது. ஆகவே துகளின் வடிவத்தைப் படித்தால் அது கடந்து வந்த வானத்தின் நிலையை அறியலாம் என்பது அவர் கொண்ட முடிவு. வானிலை அறிவியல் இளமைப் பருவத்தில் இருந்த அந்நாளில் உழவர் ஒருவர் இங்ஙனம் எண்ணியது வியப்புக்குரியது.

மழையையும் அவர் விட்டு வைக்கவில்லை. மழைத்துளி எத்துணைப் பெரியது என்னும் வினா அவருக்கு எழுந்தது. அகன்ற தட்டில் சலித்த மாவை ஓர் அங்குல உயரத்துக்குப் பரப்பி, மழையில் சில நொடிகள் நீட்டுவார். விழுந்த ஒவ்வொரு துளியும் மாவை உருண்டையாக்கும். உலர்ந்தபின் உருண்டைகளை எடுத்து அளப்பார். உருண்டையின் அளவுக்கும் துளியின் அளவுக்கும் உள்ள தொடர்பை, அளவு தெரிந்த துளிகளை மாவில் விழச்செய்து முன்னரே உறுதி செய்திருந்தார். 1898 முதல் 1904 வரை இவ்வாறு 344 அளவீடுகளைச் செய்து வெளியிட்டார். மிகப் பெரிய துளியும் கால் அங்குல அளவே என்று கண்டார். அடுக்களை மாவைக் கொண்டு செய்த இவ்வாய்வு நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1940களில் மண்ணரிப்பை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர்கள் மழைத்துளியை அளக்கக் கைக்கொண்டதும் இதே மாவு முறைதான்.

எழுந்த மறுப்பு

பென்ட்லியின் புகழ் பரவியபோது மறுப்பும் எழுந்தது. அதனை மறைத்துவிட்டு அவர் வரலாற்றைக் கூறுதல் முறையாகாது. ஜெர்மனியின் வானிலை அறிஞர் குஸ்தாவ் ஹெல்மன் 1893ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலுக்கு நாய்ஹாஸ் என்பவர் பனித்துகள்களைப் படம்பிடித்துக் கொடுத்திருந்தார். அப்படங்களில் துகள்கள் பலவும் ஒருபுறம் நீண்டும் ஒருபுறம் குறைந்தும் காணப்பட்டன. பென்ட்லியின் படங்களோ சற்றும் கோணாத ஒழுங்குடையனவாக விளங்கின. பென்ட்லி தம் படங்களைத் திருத்தி அழகுபடுத்துகிறார் என்று ஹெல்மன் குற்றம் சாட்டினார்.

குற்றச்சாட்டில் ஒரு பகுதி உண்மையே. வெண்துகள் வெளிறிய பின்புலத்தில் எடுபடாது என்பதால், பென்ட்லி எதிர்ப்படத் தகட்டின் படி ஒன்றை எடுத்து, துகளின் விளிம்பைச் சுற்றியுள்ள மருந்துப் பூச்சைச் சிறு கத்தியால் பல மணிநேரம் சுரண்டி நீக்குவார். அச்சிட்டால் பின்புலம் கருமையாகும். துகள் மட்டும் ஒளிரும். மூலத் தகட்டை அவர் தொடுவதில்லை. துகளின் உள்ளமைப்பையும் மாற்றுவதில்லை. இயற்கையை உள்ளவாறு காட்டத் துணைபுரியும் திருத்தம் தவறாகாது என்பது அவர் அளித்த விடை. எனினும் விளிம்பை வெட்டும் கத்தி இம்மியளவு பிறழ்ந்தாலும் வடிவம் பிறழும் என்னும் ஐயத்தை அவ்விடை முற்றும் நீக்கிவிடவில்லை.

இதனினும் ஆழமான குறை ஒன்றுண்டு. முகிலிலிருந்து வீழும் பனித்துகள்களில் மிகப் பெரும்பாலானவை ஒழுங்கற்றவை. பென்ட்லி அவற்றைத் துடைத்தெறிந்துவிட்டு நிறைவான வடிவங்களையே தேர்ந்தார். அழகை நாடிய கண்ணுக்கு அது முறையே; எல்லாவற்றையும் எண்ண வேண்டிய அறிவியலுக்கு அது போதாது. அவர்தம் படங்களைப் பார்த்த உலகம், வெண்பனி முழுவதும் இங்ஙனமே இருக்கும் என்று எண்ணிவிட்டது. ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை என்னும் கருத்து எங்கும் பரவியதும் அவராலேதான். மிக எளிய வடிவமுடைய துகள்களில் நுண்ணோக்கிக்கு வேறுபாடு தோன்றாத ஓர் இணையை 1988ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் நான்சி நைட் கண்டறிந்தார். சிக்கலான கிளைகள் கொண்ட துகள்களுக்கோ பென்ட்லியின் கூற்று இன்றளவும் பொருந்துகிறது.

எளிய வாழ்வும் இறுதியும்

அறிவுலகம் அறிந்த பின்னரும் பென்ட்லி உழவராகவே வாழ்ந்தார். காலையில் மாடு கறப்பார், வயலில் உழைப்பார், மாலையில் பியானோவும் கிளாரினெட்டும் இசைப்பார். நாள்தோறும் வானிலைக் குறிப்பு எழுதுவார். மணம் புரிந்து கொள்ளவில்லை. ஒரே வீட்டின் ஒரு பகுதியில் தமையனாரின் குடும்பமும் மறுபகுதியில் அவரும் வாழ்ந்தனர். நோயுற்ற அன்னையை இறுதிவரை பேணிக் காத்தார்.

கல்லூரிகளுக்கும் பள்ளிகளுக்கும் தம் படங்களைச் சில்லொன்று ஐந்து சென்ட் என்னும் விலைக்கு விற்றார். நகைக் கலைஞரும் துணி வடிவமைப்பாளரும் அவற்றைக் கண்டு புதிய வடிவங்களை உருவாக்கினர். வாழ்நாளில் இப்பணிக்கு அவர் செலவிட்டதில் சிறு பகுதியே அவருக்குத் திரும்பி வந்தது. அமெரிக்க வானிலை ஆய்வுக் கழகம் 1924ஆம் ஆண்டில் அவருக்கு அளித்த ஆய்வுக்கொடை 25 டாலர். ஊராருக்கோ அவர் விந்தையான மனிதர். ஒருமுறை தம் ஊரிலேயே கட்டணமின்றிப் படவிளக்குக் காட்சி ஒன்றை ஏற்பாடு செய்தார். வந்தவர் அறுவரே. நகரங்களில் அவர் பேச்சைக் கேட்கக் கூட்டம் கூடிய காலம் அது.

அவர் மனத்தில் நெடுநாளாக ஓர் ஏக்கம் இருந்தது. தம் படங்கள் சிதறிப் போகாமல் ஒரே நூலில் தொகுக்கப்பட வேண்டும் என்பதே அது. வானிலைத் துறையின் இயற்பியல் அறிஞர் வில்லியம் ஹம்ப்ரீஸ் விளக்கவுரை எழுத, 2400க்கும் மேற்பட்ட படங்களோடு பனிப்படிகங்கள் என்னும் நூல் 1931ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. அடுத்த சில வாரங்களில் ஒருநாள், வெளியே சென்றிருந்த பென்ட்லி பனிப்புயலில் பல கல் தொலைவு நடந்தே வீடு திரும்பினார். அகவை 66. சளிக்காய்ச்சல் நுரையீரலைப் பற்றியது. திசம்பர்த் திங்கள் 23ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

விதைத்ததும் விளைந்ததும்

அந்நூல் கடல் கடந்து சப்பானை அடைந்தது. வடக்கே பனி மிகுந்த ஹொக்கைடோவின் பல்கலைக்கழகத்தில் உகிச்சிரோ நாகாயா என்னும் இளம் இயற்பியலாளர் பணியாற்றி வந்தார். தாம் பயின்ற அணுத்துறை ஆய்வுக்குரிய கருவிகள் அங்கே இல்லை. இல்லாததற்கு ஏங்காமல், ஊரில் குறைவின்றிக் கிடைத்த வெண்பனியையே ஆய்வுப் பொருளாக்கிக் கொண்டார். பென்ட்லியின் நூல் அவருக்குப் பெருந்தூண்டுதலாயிற்று. ஆனால் பென்ட்லி துடைத்தெறிந்த ஒழுங்கற்ற துகள்களையும் அவர் விடாது படம்பிடித்து வகைப்படுத்தினார். 1936ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், குளிரூட்டிய கூடத்தில் முயல் மயிரின் நுனியில் பனிப்படிகம் ஒன்றைச் செயற்கையாகவே வளரச் செய்தார்.

எந்த வெப்பநிலையில், எவ்வளவு ஈரத்தில், எவ்வடிவம் தோன்றும் என்னும் வரைபடம் அவ்வாய்வின் பயன். உறைநிலைக்குக் கீழே ஏறத்தாழ 5 பாகையில் ஊசிகள் தோன்றும். ஏறத்தாழ 15 பாகையில், ஈரம் மிகுந்திருப்பின், கிளைவிட்ட விண்மீன் வடிவங்கள் தோன்றும். ஆறு முனைகள் அமைவதோ நீரின் மூலக்கூறுகள் பனிக்கட்டியில் அறுகோணமாக அடுக்கப்படுவதால். துகளின் வடிவம் வானத்தின் நிலையைச் சொல்லும் என்று ஜெரிகோவின் உழவர் கொண்ட கருத்து இங்ஙனம் ஆய்வுக்கூடத்தில் உறுதி பெற்றது.

முடிவுரை

பென்ட்லியின் வாழ்வில் வறுமை இருந்தது, ஏளனம் இருந்தது, பணியில் குறையும் இருந்தது. ஆயினும் அவர் எடுத்து வைத்த ஐயாயிரம் படங்கள் இல்லையேல், பின்வந்தோர்க்குத் திருத்துவதற்கும் ஒன்று இருந்திராது. நிறைவான கருவி வரட்டும், நல்ல ஆசிரியர் கிடைக்கட்டும், பொருள் சேரட்டும் என்று காத்திருந்தவர்களின் பெயர்களை வரலாறு அறியாது. பழைய நுண்ணோக்கியும் கணப்பில்லாக் கொட்டகையும் கொண்டு தொடங்கியவரின் பெயரையே அறிகிறது.

பிள்ளையின் வேட்கையை உணர்ந்து அதற்குரிய கருவியைக் கையில் தந்த அன்னையும், நம்பிக்கை இன்றியும் பொருள் தந்த தந்தையும் இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்கின்றனர். மூத்தோர் அவர்களை எண்ணிப் பார்த்தல் நலம். மாணவர்களோ, கறுத்த பலகையை ஏந்திக் கொட்டும் பனியில் மூச்சடக்கி நின்ற அவ்விளைஞரை எண்ணிப் பார்ப்பார்களாக. அவர் தேடிச் சென்ற பொருள் தொலைவில் இல்லை. ஊரார் அனைவரின் வாயிலிலும் அது விழுந்து கொண்டுதான் இருந்தது.